நிற்காத திரைகள்

ஜன்னல் திரை பற்றி வரும் குறைகள் இரண்டே வகை. இழுத்தால் வரவில்லை என்பது ஒன்று. விட்ட இடத்தில் நிற்கவில்லை என்பது மற்றொன்று. திரைக்கம்பித் தொழில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக முதல் குறையைத் தீர்க்கத்தான் பாடுபட்டிருக்கிறது. அதில் ஜெயித்தும் விட்டது. இரண்டாவது குறை அந்த வெற்றியோடு கூடவே வந்து சேர்ந்தது. வழுக்கலைக் காசு கொடுத்து வாங்கிய பிறகு, நிறுத்தத்துக்கு இன்னொரு முறை காசு கொடுக்கக் கடை கடையாக ஏறி ‘ஸ்டாப்பர் இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

துணியின் மேல் விளிம்பில் காது தைத்து, மூங்கில் கழியிலோ முறுக்குக் கயிற்றிலோ கோத்த திரை தானாக நகராது. நகர்த்துவதே பெரும்பாடு. அலங்கார வேளையில் கருவறை முன் இழுக்கும் திரையும் பல கோயில்களில் வளையமும் கம்பியும்தான். அர்ச்சகர் விட்ட இடத்தில் நிற்கிறது. தெருக்கூத்தில் கம்பியும் இல்லை. வேடம் கட்டியவர் அரங்குக்கு வரும்போது இருவர் ஆளுக்கொரு முனையாகத் திரையைப் பிடித்து நிற்பார்கள். திரை நகராமல் இருக்க இதைவிட நம்பகமான ஏற்பாடு இன்றுவரை வரவில்லை என்றே சொல்லலாம், வீட்டுக்குத்தான் கட்டுப்படியாகாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் சார்லஸ் கிர்ஷ் என்பவர் 1907இல் தட்டையான உலோகத் திரைக்கம்பியைக் கொண்டுவந்தார். அவருடைய நிறுவனமே 1920களின் கடைசியில், கயிற்றை இழுத்தால் திரை தானாக ஓடும் கம்பியையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகப் போருக்குப் பிறகு நைலான் மலிந்தது. சுவிட்சர்லாந்தின் சைலண்ட் கிளிஸ் நிறுவனம் 1950களில் அலுமினிய டிராக்கில் சத்தமே இல்லாமல் ஓடும் திரையை விற்கத் தொடங்கியது. நிறுவனத்தின் பெயரே அதன் விளம்பரம். இப்போது நம்மூர் ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் விற்கும் ‘எம் டிராக்’கில்கூடச் சக்கரம் வைத்த ரன்னர்தான். விரல் நுனியால் தள்ளினால் போதும், ஒன்பதடித் திரை ஓடும். விரல் நுனியால் ஓடுவது காற்று தொட்டாலும் ஓடத்தானே செய்யும்?

எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சரிவில் வைத்த பொருள் எப்போது நகரும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்: நீளத்துக்கு எவ்வளவு இறக்கம் என்ற விகிதம், உராய்வுக் குணகத்தைத் தாண்ட வேண்டும். மர வளையம் மரக் கழியில் உராய்ந்தால் குணகம் ஏறத்தாழ 0.3. நைலான் பூண் போட்ட ஐலெட், பூச்சு அடித்த இரும்பு ராடில் தொங்கினால் 0.2 என்று வைத்துக்கொள்ளலாம். சக்கர ரன்னர் நல்ல டிராக்கில் 0.02 அளவுக்கே எதிர்ப்புக் காட்டும். இரண்டு மீட்டர் அகலமுள்ள ஜன்னலில் இதற்கு என்ன பொருள்? மரக் கழி ஒரு முனையில் 60 செ.மீ. தாழ்ந்தால்தான் வளையம் தானாகச் சறுக்கும். இரும்பு ராடு 40 செ.மீ. தாழ வேண்டும். டிராக்குக்கு 4 செ.மீ. போதும். கதவை ஓங்கிச் சாத்தும் அதிர்வும் மின்விசிறியின் காற்றும் சேர்ந்துகொண்டால் அதைவிடக் குறைந்த சரிவிலேயே புறப்பட்டுவிடும். ஒவ்வோர் அதிர்விலும் சக்கரம் ஒரு கணம் பிடி தளர்கிறது. தளரும் ஒவ்வொரு முறையும் இறங்கும் பக்கமே போகிறது.

ஆகவே ‘ரசமட்டம் வைத்துப் பாருங்கள், கம்பி சாய்ந்திருக்கும்’ என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் யோசனை டிராக்குக்குத்தான் பொருந்தும். வளையமும் ராடும் உள்ள வீட்டில் ஒரு செ.மீ. சாய்வைத் தேடிப் பிடித்து ராடைக் கழற்றி, சுவரில் புது ஓட்டை போட்டு மாட்டுவது வீண் வேலை. அங்கே திரையைத் தள்ளுகிற ஆள் வேறு.

டிராக்கில் சரிவுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால் சரிசெய்வதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. தாழ்ந்திருக்கும் முனையைத் தூக்கத்தான் கை போகும். ஆனால் டிராக் கூரையோடு ஒட்டியிருக்கிறது. தூக்க இடம் கிடையாது. உயர்ந்திருக்கும் முனையில் திருகைத் தளர்த்தி, இடையில் வாஷரோ பிளைவுட் துண்டோ கொடுத்து இறக்க வேண்டும். கூரையைக் கண்ணால் பார்த்து மட்டம் என்று நம்பக் கூடாது. ஜிப்சம் கூரையும் கான்கிரீட் கூரையும் கண்ணை நன்றாக ஏமாற்றும். கொத்தனாரின் டியூப் மட்டம், உள்ளே தண்ணீர் நிறைத்த அந்தச் சாதாரணக் குழாய், இரண்டு மீட்டர் தூரத்தில் ரசமட்டத்தைவிடச் சரியாகச் சொல்லும்.

ராடும் டிராக்கும் வாங்காத வீடுகளில் ஸ்பிரிங். பிளாஸ்டிக் உறை போட்ட நீள ஸ்பிரிங்கை இரு முனையிலும் திருகு கொக்கியில் மாட்டி, துணியின் மேல் மடிப்புக்குள் செருகிவிடுவது. தமிழ்நாட்டு ஜன்னல்களில் பாதிக்கு இதுதான் முதல் திரைக்கம்பியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். இதன் தொய்வு நிரந்தரம். ஒரு கம்பியின் தொய்வு அதன் இழுவிசைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்: தொய்வைப் பாதியாக்க இழுவிசையை இரட்டிப்பாக்க வேண்டும், கால்பங்காக்க நான்கு மடங்காக்க வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் முற்றிலும் நேராகாது. அதற்குள் மரச்சட்டத்திலிருந்து கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 120 செ.மீ. ஸ்பிரிங் நடுவில் 5 செ.மீ. தொய்ந்தால், இரு ஓரங்களிலும் சரிவு ஆறில் ஒரு பங்கு. ஓரத்தில் ஒதுக்கிய துணியைக் காற்று ஆட்டும்போதெல்லாம் அது நடுவை நோக்கி இறங்குகிறது. இதற்கு வீடுகள் கண்டுபிடித்த தீர்வு, துணியின் கீழ்ப்பகுதியைச் சுருட்டி ஜன்னல் கம்பிக்குள் செருகுவது. பார்க்க அழகில்லை, துணி கசங்கும், கம்பியின் துரு துணியில் ஏறும். ஆனால் வேலை செய்கிறது. செருகப் பிடிக்காதவர்கள் ஸ்பிரிங்கை வெட்டி ஓரிரண்டு அங்குலம் குறைப்பதைவிட, நடுவில் ஒரு கொக்கியைத் திருகி ஸ்பிரிங்கை அதன்மேல் தாங்கவிடலாம். நீளம் பாதியானால் தொய்வு நான்கில் ஒன்றாகும். இரண்டு துண்டுத் துணியாக இருந்தால் கொக்கி இடையூறாகவும் இராது.

இனி, பலர் சரிவு என்று நினைத்துத் திட்டுவதற்கு உண்மைக் காரணம்: துணி போதாமை. நம்மூரில் தைத்து விற்கும் திரையின் அகலம் பெரும்பாலும் 4 அடி. உயரம் ஜன்னலுக்கு 5 அடி, கதவுக்கு 7 அடி, நெடுங்கதவுக்கு 9 அடி. ஒரு திரையில் வழக்கமாக எட்டு ஐலெட். எண்ணிக்கை இரட்டைப்படையில் இருப்பதற்குக் காரணம் உண்டு: அப்போதுதான் முதல் மடிப்பும் கடைசி மடிப்பும் ஒரே பக்கம், அதாவது சுவரை நோக்கித் திரும்பும். 6 அடி ஜன்னலுக்கு இருபுறமும் அரையடி விட்டு 7 அடி ராடு மாட்டுகிறோம். கடைக்காரர் ‘ஜன்னலுக்கு இரண்டு’ என்று கணக்குப் போட்டு இரண்டு திரை எடுத்துத் தருகிறார். மொத்தம் 8 அடித் துணி, 7 அடி ராடில். மூடினால் ஏறக்குறைய விறைப்பாக நிற்கும்.

ஐலெட் வரிசைக்குப் பின்னால் விறைப்புக்காக பக்ரம் வைத்துத் தைத்திருப்பார்கள். அது அலை அலையாக மடிந்து நிற்கப் பழகியது. அதை நீட்டி விறைத்தால் ஸ்பிரிங் மாதிரி பின்னுக்கு இழுக்கும். ராத்திரி மூடிவிட்டுப் படுக்கிறோம். காலையில் நடுவே நான்கு விரல் இடைவெளி, அதன் வழியே வெயில் நேராக முகத்தில். ஸ்டாப்பர் போட்டால் நிற்குமா? நிற்கும், ஆனால் துணி இரண்டு ஸ்டாப்பருக்கும் இடையில் இழுபட்டுத் தைப்பு பிரியும். ராடின் நீளத்துக்கு இரு மடங்கு துணி என்பது தையற்காரர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு; 7 அடி ராடுக்கு 14 அடி, அதாவது நாலடித் திரை நான்கு. செலவு இரட்டிப்பாகும் என்று தயங்குகிறவர்கள் விலை குறைந்த துணியில் நான்கு வாங்கலாம். விலை உயர்ந்த துணியில் இரண்டு வாங்குவதைவிட அது மேல். கரூரிலிருந்து கப்பல் ஏறும் திரைத்துணியானாலும் அகலம் போதாவிட்டால் இதே கதிதான்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஒதுக்கி வைத்த திரை, மடிப்பு படியாமல் விரிந்து பாதி ஜன்னலை மறைக்கும். புதுத் துணியில் இது அதிகம். திரையை முழுக்க ஒதுக்கி, மடிப்புகளைக் கையால் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக்கி, மேலே நடுவில் கீழே என்று மூன்று இடத்தில் துணிப் பட்டையால் தளரக் கட்டி இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் துணி அந்த மடிப்பை ஏற்றுக்கொள்ளும். நல்ல தையற்காரர் மாட்டிக் கொடுக்கும்போதே இதைச் செய்துவிட்டுப் போவார். அவசரக்காரர் செய்வதில்லை.

காற்று விஷயம் சுவையானது. மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில், ஜன்னல் வழியே காற்று வந்தால் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 நியூட்டன். நாலடிக்கு ஏழடித் திரையின் பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர் இருக்கும். மொத்த விசை ஒன்றேகால் கிலோ எடைக்குச் சமம். சாதாரணப் பருத்தித் திரையின் எடையே அதில் பாதிதான். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆனால் காற்று திரையைப் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. அறைக்குள் நோக்கிப் பாய்மரமாக உப்ப வைக்கிறது. உப்பும் துணிக்கு அகலம் வேண்டும். அந்த அகலத்தை இரு ஓரங்களையும் உள்ளே இழுத்து எடுத்துக்கொள்கிறது. சுவர்ப்பக்கத்து ஓரம் அழுத்தமாக இருந்தால் நடுப்பக்கத்து ஓரம் வரும். இரண்டும் தளர்ந்திருந்தால் இரண்டும் வரும். காற்று நின்றதும் துணி தணிகிறது, வளையங்கள் திரும்பிப் போவதில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் என்று ஒருவழிப் பயணமாக ஊர்ந்து, மாலைக்குள் திரை முழுக்க ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். சுழலும் மின்விசிறிக்குக் கீழே உள்ள ஜன்னலில் இது நாள் முழுக்க, சிறிய அளவில், ஓயாமல் நடக்கிறது.

இதற்கு, மேலே கம்பியில் வைத்தியம் பார்ப்பதைவிடக் கீழே துணியில் பார்ப்பது பயன் தரும். கீழ் மடிப்புக்குள் எடைச் சங்கிலியோ எடை நாடாவோ செருகித் தைத்தால் உப்பல் குறையும். எடையைக் கீழ் மூலைகளில் மட்டும் வைப்பவர்கள் உண்டு. அது காற்றில் ஆடி ஜன்னல் கண்ணாடியில் மோதிச் சத்தம் போடும். நீளமாகப் பரவிய எடைதான் நல்லது.

இனி, எல்லா வகைத் திரைக்கும் பொதுவான ஒரு வேலை. அதைச் செய்யாத வீடுகள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரையின் எல்லா வளையங்களும் நகர வேண்டியதில்லை. சுவரோரத்துக் கடைசி வளையம் எந்தக் காலத்திலும் நகரத் தேவையில்லாதது. ராடைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும், ராடின் நுனியில் உள்ள குமிழுக்கும் நடுவே இரண்டு மூன்று அங்குல இடம் இருக்கும். கடைசி வளையத்தை அந்த இடத்தில் விட்டு, மற்ற ஏழையும் பிராக்கெட்டுக்கு உட்புறம் கோக்க வேண்டும். அவ்வளவுதான். திரையை யார் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் சுவரோரம் அசையாது, பக்கவாட்டில் வெளிச்சம் கசியாது, ஏ.சி. ஓடும் அறையில் குளிரும் அந்தச் சந்தில் போகாது. ஒரு பைசா செலவில்லை. ராடு மாட்டுகிற பையன்கள் எட்டு வளையத்தையும் உள்ளே கோத்து, குமிழைத் திருகிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கணக்கு ராடுக்குக் கூலி, திரைக்கு இல்லை.

டிராக்கில் இதே வேலையை எண்ட் ஸ்டாப்பர் செய்கிறது. டிராக்கின் நுனியில் திருகி நிற்கும் சிறு துண்டு. சிலவற்றில் அடியில் ஒரு துளை இருக்கும். பலரும் அதை ரன்னர் வெளியே விழாமல் தடுக்கும் தடுப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். திரையின் கடைசிக் கொக்கியை ரன்னரில் மாட்டாமல் அந்தத் துளையிலேயே மாட்டிவிட வேண்டும். துளை இல்லாத ஸ்டாப்பராக இருந்தால் கடைசி ரன்னரை நுனிக்குத் தள்ளி, அதற்கு உட்புறம் இன்னொரு ஸ்டாப்பரைத் திருகி ரன்னரை நடுவில் சிறைவைக்கலாம். கூரையில் வளைந்து கட்டிலைச் சுற்றிவரும் மருத்துவமனை டிராக்கிலும் இதுதான் முறை. அங்கே திரை அடிக்கடி சலவைக்குப் போகும் என்பதால் கையால் கழற்றும்படியான ஸ்டாப்பராகத் தேர்ந்தெடுப்பார்கள். சில டிராக்குகளில் ரன்னர் நுழைப்பதற்கென்று நடுவில் ஒரு வாய் வெட்டியிருக்கும். அந்த வாய் வழியே ரன்னர்கள் உதிர்வதும் உண்டு. அங்கும் ஒரு ஸ்டாப்பர் வேண்டும்.

சுவரோரம் பூட்டியானது. மறு ஓரம், அதாவது நாம் பிடித்து இழுக்கும் முன் ஓரம், நகரவும் வேண்டும் நிற்கவும் வேண்டும். சிக்கல் முழுக்க இங்கேதான். இதை மிக நேர்த்தியாகத் தீர்த்தது கயிறு இழுக்கும் டிராக். அதில் முன் ரன்னர் வெறும் ரன்னர் இல்லை. சுற்றிவரும் கயிற்றோடு முடிச்சுப் போடப்பட்டது. கயிறு அசைந்தால் மட்டுமே அது அசையும். கயிற்றின் இறுக்கம் அதைப் பிடித்து வைத்திருக்கும். இரு திரையும் சந்திக்கும் இடத்தில் ஒரு ரன்னருக்கு நீண்ட கை வைத்து, ஒன்றின்மேல் ஒன்று மூன்று நான்கு அங்குலம் ஏறி நிற்கும்படியும் செய்திருப்பார்கள். நிற்காத திரைக்கு இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் இன்று அது குறைந்து வருவதற்குக் காரணம் குழந்தைகள். தொங்கும் கயிற்று வளையம் கழுத்தில் சிக்கி மேலை நாடுகளில் குழந்தைகள் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடையில் தயாராக வைத்து விற்கும் ஜன்னல் மறைப்புகளில் கயிறே இருக்கக் கூடாது, அல்லது குழந்தைக்கு எட்டக் கூடாது என்ற தரவிதி 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டில் பழைய கயிற்று டிராக் இருந்தால், கயிறு வளையமாகத் தொங்காமல் கீழே சுவரில் ஒரு கப்பியில் இறுகி நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கட்டிலையும் தொட்டிலையும் அதன் பக்கத்தில் போடக் கூடாது.

கயிறு வேண்டாம் என்றால் காந்தம். இரு திரையின் முன் ஓரத்திலும் எதிரெதிர் துருவமாகச் சிறு காந்தங்களை வைத்துத் தைத்தால் மூடியவுடன் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தின் பிடி தூரம் கூடக் கூடச் சட்டென்று விழுந்துவிடும் என்பதால், இரண்டு மடிப்புத் திரைத்துணிக்கும் லைனிங்குக்கும் பின்னால் வைத்த மலிவுக் காந்தம் பெயருக்குத்தான் இருக்கும். நியோடைமியம் காந்தம் வலுவானது. ஆனால் அது தையலை விட்டு உதிர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்டதைக் குழந்தை விழுங்கினால் குடல் மடிப்புகளை இடையில் வைத்து நசுக்கித் துளைத்துவிடும். நாற்புறமும் அடைத்துத் தைத்த பைக்குள் வைக்க வேண்டும். துவைக்கும் இயந்திரத்தின் எஃகு உருளையில் ஒட்டிக்கொண்டு துணி கிழிவதும் உண்டு.

இந்த இடத்தில் நான் வெல்க்ரோ கட்சி. அதன் குணம் இந்த வேலைக்கென்றே அமைந்தது: பக்கவாட்டில் இழுத்தால் விடாப்பிடியாக நிற்கும், ஓரத்தைப் பிடித்து உரித்தால் உடனே விட்டுவிடும். திரை சறுக்குவது பக்கவாட்டு இழுவை; நாம் திறப்பது உரித்தல். ஒரு திரையின் ஓரத்தில் ஒரு அங்குலத் துண்டு, மற்றதன் ஓரத்தில் ஒன்று, போதும். பஞ்சு சிக்கினால் பிடி போய்விடும். துவைக்கும்போது இரண்டையும் ஒட்டி வைத்துத் துவைக்க வேண்டும். சரசரவென்று சத்தம் வரும், தூங்கும் குழந்தை எழுந்துவிடும் என்பது மட்டுமே இதன்மேல் நியாயமான புகார்.

துணி உலர்த்தும் கிளிப், ராடில் மாட்டும் ரப்பர் வளையம், டிராக்கின் இடுக்கில் செருகும் காகித மடிப்பு ஆகியவை எல்லாமே ஒரு வாரத்துக்குச் சரி. நீட்டிச் சுருக்கும் ராடில் பெரிய குழாயிலிருந்து சிறிய குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள படி, வேண்டாத இடத்தில் வந்து அமைந்த இலவச ஸ்டாப்பர். அதை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றினால் தொல்லையே உதவியாகும். எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. திரை இழுக்க வரவில்லை என்று தேங்காயெண்ணெய் தடவுவது பல வீட்டு வழக்கம். முதல் வாரம் ஓடும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகும். திரையை நகராமல் நிறுத்த இதுவும் ஒரு வழிதான், யாரும் வேண்டிக் கேட்காத வழி.

வீட்டுக்கு வெளியே, ஓடும் வண்டியில், இந்தக் கேள்வியின் கணக்கே மாறிவிடுகிறது. சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ போகும் படுக்கைப் பேருந்தில் ஒவ்வொரு படுக்கைக்கும் நடைபாதை ஓரமாக ஒரு திரை. அதன் டிராக் வண்டி போகும் திசையிலேயே ஓடுகிறது. ஓட்டுநர் பிரேக் போடும்போது வேகத்தணிவு புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் டிராக் முன்னோக்கி இரண்டு மீட்டருக்கு 60 செ.மீ. சரிந்ததற்குச் சமம். மேலே பார்த்த மூன்று வகையில் சக்கர ரன்னர் மட்டுமல்ல, ஐலெட்டும் நழுவும். மர வளையம்கூடத் தயங்கி நிற்கும். வண்டி வேகமெடுக்கும்போது எல்லாம் பின்னோக்கி வரும். விழுப்புரம் தாண்டுவதற்குள் பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விடும் முகம் தெரிந்துவிடுவதற்கு இதுதான் இயற்பியல். உராய்வை நம்பிப் பயனில்லை. முன் ஓரத்தைப் படுக்கைத் தூணோடு பிணைக்க வேண்டும்: வெல்க்ரோ, டிக் பட்டன், அல்லது மேலே போலவே கீழேயும் ஒரு டிராக். கீழ் டிராக் வைத்த வண்டியில் திரை ஆடுவதில்லை. ஆனால் இருட்டில் அவசரமாக இறங்குகிறவருக்குக் கால் தடுக்கும்.

ரயிலின் வேகத்தணிவு பேருந்தைவிட மென்மையானது. அப்படியும் 0.02 என்ற எல்லையை எளிதில் தாண்டும். ஆனால் ரயில் திரையில் நிற்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. 2013 டிசம்பர் 28 அதிகாலையில், பெங்களூரிலிருந்து நாந்தேடுக்குப் போன எக்ஸ்பிரஸின் ஏ.சி. பெட்டி ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் தீப்பற்றி 26 பேர் இறந்தார்கள். அதை அடுத்து மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளின் நடைபாதைத் திரைகளை ரயில்வே எடுத்துவிட்டது. இரண்டடுக்கில் திரை தொடர்ந்தது. கொரோனா காலத்தில் அகற்றப்பட்டு, 2022 மார்ச்சில் போர்வையோடும் விரிப்போடும் திரும்ப அனுமதிக்கப்பட்டது. புகை நிறைந்த பெட்டியில் திரையைத் தேடித் திறக்க யாருக்கும் நேரமிராது. எனவே வண்டியில் திரையைப் பூட்டுகிற எந்த ஏற்பாடும், ஒரு கையால், பார்க்காமல், ஒரே இழுப்பில் விடுபட வேண்டும். இந்தத் தேர்வில் வெல்க்ரோ தேறும். கொக்கியும் முடிச்சும் தேறாது. நன்றாக இறுகிய டிக் பட்டனும் சந்தேகம்தான்.

வாடகை வீட்டுக்காரருக்குச் சுவரில் துளை போட அனுமதி இல்லாவிட்டாலும், மேலே சொன்ன கடைசி வளைய வேலைக்குத் துளை தேவையில்லை; ராடு ஏற்கெனவே மாட்டியிருந்தால் குமிழைக் கழற்றி ஒரு வளையத்தை வெளியே எடுத்துக் கோத்தால் முடிந்தது. இரு சுவருக்கும் இடையில் அழுத்தி நிறுத்தும் ராடில் பிராக்கெட்டும் இல்லை, குமிழும் இல்லை. அங்கே கடைசி வளையத்தை ராடோடு சேர்த்து ஒரு கேபிள் டையால் கட்டிவிடலாம். அந்த ராடே கனத்த திரையோடு கீழே வந்துவிடுவது இன்னொரு கதை; மெல்லிய துணிக்கு மட்டுமே அது.

இப்போது மோட்டார் டிராக் வந்துவிட்டது. கைபேசியைத் தட்டினால் திறக்கும், விடிந்தால் தானாக விலகும். கிர்ஷ் காலத்துக் கயிற்றின் இடத்தில் பல் வைத்த பெல்ட். கயிற்றை இழுக்கும் கையின் இடத்தில் மோட்டார். குழந்தைக்கு எட்டும் கயிறு இல்லை, முன் ரன்னர் பெல்ட்டில் கட்டுண்டதால் காற்றுக்கும் அதிர்வுக்கும் அசைவதில்லை. மின்சாரம் போனால் கையால் இழுக்க முடியுமா என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சில மாதிரிகளில் முடியும், சிலவற்றில் பல்சக்கரம் இடம்கொடுக்காது. ஏற்கெனவே உள்ள ராடிலேயே தொற்றிக்கொண்டு ஊர்ந்துபோய்த் திரையைத் தள்ளும் சிறு கருவிகளும் விற்கின்றன. ராடில் படி இருந்தால் அவை அங்கே திணறும். எந்த வகை வாங்கினாலும் சுவரோரத்துக் கடைசிக் கொக்கியை ஸ்டாப்பரில் மாட்டும் வேலை மாட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. அதை மறந்துவிட்டால், மூடு என்று சொன்னதும் மோட்டார் முன் ஓரத்தை இழுக்க, பின் ஓரமும் கூடவே புறப்பட்டு, முழுத் திரையும் சுவரை விட்டு நடுவுக்கு ஊர்வலம் வந்துவிடும்.